கட்டற்ற காணொளிக் கருவிகள்: தோற்றமும் வளர்ச்சியும்

கணினியில் காணொளியை வெட்டித் தொகுப்பது, ஒரு வடிவிலிருந்து வேறு வடிவுக்கு மாற்றுவது, சப்டைட்டில் எழுதிச் சேர்ப்பது ஆகிய மூன்று வேலைகளுக்கும் இன்று புழங்கும் கட்டற்ற மென்பொருள்களில் பெரும்பாலானவை 1996-க்கும் 2010-க்கும் இடையில் தோன்றியவை. எழுதியவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். மற்றவர்கள் பிழைப்புக்கான வேலை போக எஞ்சிய இரவுகளில் உட்கார்ந்து எழுதியவர்கள். ஒரு வட்டு திறக்கவில்லை, ஒரு கோப்பு ஓடவில்லை, திரையில் வரும் வசனம் வாயசைவோடு சேரவில்லை என்ற முட்டுக்கட்டைகளிலிருந்தே அநேகமாக ஒவ்வொரு கருவியும் பிறந்தது.

கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாமல் கிடைப்பது மட்டுமன்று. மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமைதான் அதன் உயிர். இத்துறையில் பரவலான ஜிபிஎல் உரிமம் கூடுதலாக ஒரு நிபந்தனை விதிக்கிறது: திருத்திய நிரலை வெளியிடுபவர் அதன் மூலத்தையும் அதே உரிமத்தில் தந்தாக வேண்டும். ஒருவர் பாதியில் விட்ட வேலையை முன்பின் அறியாத இன்னொருவர் எடுத்துத் தொடர இந்த நிபந்தனையே வழி செய்தது. இந்த வரலாற்றில் அப்படித் தொடர்ந்த வேலைகளே அதிகம்.

காணொளி ஏன் இவ்வளவு சிக்கலான பண்டம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். விசிடியின் படம் 352 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. நிறத் தகவலைக் குறைத்து வைத்தாலும் ஒரு ஃபிரேமுக்கு ஒன்றரை லட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 38 லட்சம் பைட். அப்படியே பதிந்தால் 650 மெகாபைட் குறுந்தட்டு மூன்று நிமிடத்துக்குள் நிறைந்துவிடும். 1993-இல் வெளியான எம்பெக்-1 தரநிலை இந்தப் பெருக்கத்தைச் சுமார் 26 மடங்கு சுருக்கியது. அதே ஆண்டில் வந்த விசிடியில் 74 நிமிடப் படம் அடங்கியது இதனால்தான். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தின் விசிடி இரண்டு, மூன்று தட்டுகளாக வந்ததும் இதே கணக்கால்தான்.

சுருக்கும் முறை எளிமையான ஒரு கவனிப்பின்மேல் நிற்கிறது. அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு இடையே பெரும்பகுதி மாறுவதில்லை. ஆகவே எப்போதாவது ஒரு முழு ஃபிரேமைப் பதிந்துகொண்டு, மற்றவற்றுக்கு எது எங்கே நகர்ந்தது, எது புதிதாக வந்தது என்பதை மட்டும் குறித்தால் போதும். இடம் மிச்சமாகிறது, ஆனால் தொகுப்பவருக்கு இதுவே தொல்லை. முழு ஃபிரேம் இருக்கும் இடத்தில் மட்டும்தான் சுத்தமாக வெட்ட முடியும். நடுவில் வெட்டினால் அடுத்துவரும் ஃபிரேம்கள் எதை நம்பித் தம்மை வரைந்துகொள்வது என்று தெரியாமல் சிதறும். கட்டற்ற தொகுப்பு மென்பொருள்கள் பலவும் தம் தொடக்க காலத்தில் எம்பெக் கோப்புகளைக் கண்டு தடுமாறியதற்கு இது முதன்மைக் காரணம்.

இன்னொரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்ற பெயர்கள் பெட்டிகளைக் குறிப்பவை. பெட்டிக்குள் இருக்கும் படத்தையும் ஒலியையும் எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்பது கோடெக் சார்ந்த விஷயம். பெட்டியை மட்டும் மாற்றுவது சில நொடி வேலை, தரமும் குறையாது. கோடெக்கை மாற்றுவதென்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்து மறுபடி சுருக்க வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகலாம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரமும் போகும். இது தெரியாமல் பெட்டி மாற்றினால் போதுமான இடத்தில் முழுப் படத்தையும் மறுபடி சுருக்கித் தரத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

எம்பெக் தரநிலைகளை எவரும் வாங்கிப் படிக்கலாம். ஆனால் அவற்றிலுள்ள உத்திகள் பல நிறுவனங்களின் காப்புரிமைக்குள் இருந்தன. நிரலை எழுதியவர் தானே எழுதியிருந்தாலும், சில நாடுகளில் அதை விநியோகிக்கக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. கட்டற்ற மென்பொருளின் இயல்புக்கு இது நேர் எதிர். இலவசமாகப் பரவும் ஒரு நிரலுக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று யார் கட்டுவது? மென்பொருளுக்குக் காப்புரிமை தருவதை எளிதாக்கும் சட்டவரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலை 6 அன்று 648-க்கு 14 என்ற வாக்குக் கணக்கில் தள்ளியது. முக்கியமான காணொளித் திட்டங்கள் பல ஐரோப்பாவில் வேர்கொண்டதற்கும் அங்கிருந்த சட்டச் சூழலுக்கும் தொடர்பு உண்டு.

1990-களின் இறுதியில் இணையத்தில் படம் பகிர்வோர் இடையே பெயர்பெற்றது டிவ்எக்ஸ் என்ற கோடெக். மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 கோடெக் அந்நிறுவனத்தின் ஏஎஸ்எஃப் பெட்டிக்குள் மட்டுமே வேலை செய்யுமாறு கட்டப்பட்டிருந்தது. பிரான்சின் மொன்பெலியேவைச் சேர்ந்த ஜெரோம் ரோத்தா அந்தக் கட்டை அவிழ்த்து, ஏவிஐ கோப்புகளிலும் இயங்கும்படி மாற்றினார். பின்னர் அவர் பங்குபெற்ற நிறுவனம் புதிதாக எழுதிய கோடெக்கின் மூலநிரலை 2001 ஜனவரியில் ஓப்பன்டிவ்எக்ஸ் என்ற பெயரில் திறந்து வைத்தது. வெளியிலிருந்து நிரலாளர்கள் வந்து அதை மேம்படுத்தினார்கள். சில மாதங்களில் நிறுவனம் மூடிய மூலத்துக்குத் திரும்பியது. உழைப்பைக் கொடுத்தவர்கள் விட்டுவிடவில்லை; கையில் இருந்ததிலிருந்து தொடங்கி, படிப்படியாகப் புதிதாக எழுதி, டிவ்எக்ஸ் என்ற ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கி எக்ஸ்விட் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். 2002-இல் ஒரு வன்பொருள் நிறுவனத்தின் கோடெக்குக்குள் எக்ஸ்விட்டின் நிரல் இருப்பது தெரியவந்தது. உரிமத்தைச் சுட்டிக்காட்டிப் போராடிய பிறகு அந்நிறுவனம் தன் மூலநிரலை வெளியிட்டது. ஜிபிஎல் வெறும் நன்னடத்தைக் கோரிக்கை அல்ல என்பதை இத்துறையில் முதலில் காட்டிய நிகழ்வுகளில் அது ஒன்று.

விண்டோஸில் இந்தக் கோப்புகளை வெட்டி ஒட்டுவதற்குப் பயன்பட்டது வெர்ச்சுவல்டப். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஏவரி லீ, ஜப்பானிய அனிமேஷன் பதிவுகளைச் சுருக்குவதற்காக எழுதத் தொடங்கிய நிரல் இது. நிறுவத் தேவையில்லை, பிரித்து வைத்த கோப்புறையிலிருந்தே ஓடும். மறுசுருக்கம் செய்யாமல் முழு ஃபிரேம் எல்லைகளில் வெட்டி எடுத்துக் கொடுக்கும். தொடக்கப் பதிப்புகளில் அது ஏஎஸ்எஃப் கோப்புகளையும் திறந்தது. 2000-இல் மைக்ரோசாஃப்ட் காப்புரிமையைக் காட்டியதும் அந்த வசதியை லீ நீக்க வேண்டியதாயிற்று. தனி ஒருவர் எழுதிய நிரலுக்கு எதிரே காப்புரிமை எப்படி நிற்கும் என்பதற்கு அக்காலத்தில் அடிக்கடி சுட்டப்பட்ட உதாரணம் இது.

அதே 2000-இல் பென் ருடியக்-கூல்ட் எழுதிய ஏவிசிந்த் வேறு வகைக் கருவி. அதற்குச் சாளரமே கிடையாது. எந்தக் கோப்பை எடுப்பது, எங்கே வெட்டுவது, எவ்வளவு கூர்மையாக்குவது என்பதையெல்லாம் சில வரிகளில் எழுதிக் கொடுத்தால், மற்ற மென்பொருள்களிடம் அந்த எழுத்துக்கோப்பே ஒரு காணொளி என்று நம்பவைத்து, கேட்கும்போது கேட்ட ஃபிரேமைத் தயாரித்துத் தரும். வட்டில் இடைக்கோப்பு எதுவும் உருவாவதில்லை. சில ஜிகாபைட் வட்டுகளே இருந்த நாளில் இது எத்தகைய வரம் என்பதை அப்போது படம் தொகுத்தவர்களே அறிவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்று நிற்பது எஃப்எஃப்எம்பெக். பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெலார் 2000 இறுதியில் ஜெரார் லாந்தோ என்ற புனைபெயரில் இதை வெளியிட்டார். பள்ளிப் பருவம் முடியும் வயதிலேயே டாஸ் நிரல்களைச் சுருக்கும் எல்இசட்எக்ஸ்இ என்ற கருவியை எழுதிப் பெயர் பெற்றவர் அவர். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை நடித்துக் காட்டும் கியூஎமு மென்பொருளும் அவர் கைவண்ணமே. எஃப்எஃப்எம்பெக் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் வேகமாக முன்னோட்டும் ஃபாஸ்ட் ஃபார்வர்டைக் குறிக்கின்றன.

பெலார் செய்த முக்கியமான தேர்வு, பணியை இரண்டு நிரல் நூலகங்களாகப் பிரித்தது. சுருக்குவதையும் விரிப்பதையும் லிப்ஏவிகோடெக் பார்த்துக்கொள்ளும். பெட்டிகளைத் திறப்பதையும் கட்டுவதையும் லிப்ஏவிஃபார்மட் பார்த்துக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை இவ்விரண்டையும் இயக்கும் ஒரு கைப்பிடி மட்டுமே. வேறு எந்த மென்பொருளும் நூலகங்களை மட்டும் எடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளலாம். உரிமமும் அதற்கேற்பத் தளர்வானது: நூலகங்களின் மையப்பகுதி எல்ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், நூலகத்தில் செய்த மாற்றங்களைத் திருப்பித் தரும்வரை மூடிய மென்பொருளும் அதைப் பயன்படுத்தலாம். படம் ஓட்டும் நிரல், படம் மாற்றும் நிரல், இணைய உலாவி என்று எத்தனையோ இடங்களில் இந்த நூலகங்கள் பெயர் தெரியாமல் உழைத்துக்கொண்டிருப்பதற்கு இந்த இரு முடிவுகளும் காரணம். 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் தரையிறக்கக் கேமராக்களுக்கான கணினியிலும் எஃப்எஃப்எம்பெக் இருந்தது.

இந்த நூலகங்களில் உள்ள உழைப்பை அளப்பது கடினம். ஆவணமே வெளியாகாத எத்தனையோ கோடெக்குகளை, மூடிய நிரலின் இயந்திர மொழியைப் படித்துப் படித்துப் புரிந்துகொண்டு, மீண்டும் எழுதினார்கள். வழக்கொழிந்த விளையாட்டுகளின் காணொளி வடிவங்கள்கூட அவற்றில் அடக்கம். தயாரித்த நிறுவனம் மூடப்பட்டு, அதன் மென்பொருள் எந்தக் கணினியிலும் ஓடாத நிலையில், அக்காலப் பதிவு ஒன்றைத் திறக்க இதுவே வழி. வேகம் தேவைப்படும் பகுதிகள் சி மொழியில் நில்லாமல், ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்தனியாக அசெம்பிளியில் கையால் எழுதப்படுகின்றன. ஆவணக்காப்பகத்துக்கு இந்த உழைப்பு செய்திருக்கும் நன்மை, அதற்குக் கிடைத்த அங்கீகாரத்தைவிட மிகப் பெரியது.

பெலார் விலகிய பின் ஆஸ்திரியரான மிக்கேல் நீடர்மையர் 2004 முதல் திட்டத்தை வழிநடத்தினார். 2011 தொடக்கத்தில், அவர் நடத்தும் விதம் பிடிக்காத ஒரு குழு பிரிந்து, லிப்ஏவி என்ற பெயரில் தனிக் கிளை தொடங்கியது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வெளியீடுகள் லிப்ஏவியை ஏற்றன. பயனர்கள் குழம்பினார்கள். நீடர்மையரோ பிரிந்துபோன கிளையில் நடக்கும் மாற்றங்களையும் தொடர்ந்து எடுத்துத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே இருந்தார். உரிமம் அதற்கு இடம் தந்தது. காலப்போக்கில் எஃப்எஃப்எம்பெக்கில் இரு பக்க வேலையும் இருந்தது, லிப்ஏவியில் ஒரு பக்க வேலை மட்டும். 2015-இல் டெபியன் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பியது. அதே ஆண்டில் நீடர்மையரும் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். லிப்ஏவி சில ஆண்டுகளில் ஓய்ந்தது, அதன் நிரலாளர்கள் சிலர் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நான்காண்டுக் கசப்பில் வீணான உழைப்பு நிறைய. என்றாலும் எழுதிய நிரலில் பெரும்பகுதி ஏதோ ஒரு வழியில் எஃப்எஃப்எம்பெக்குக்கே வந்து சேர்ந்தது.

விஎல்சி பிறந்தது பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரியில். வளாக வலையமைப்பை மாணவர்களே நடத்திவந்தார்கள். அந்த வலை மிக மெதுவானது. புதிய வலைக்குப் பணம் வேண்டுமானால் அதை நியாயப்படுத்த ஒரு பயன்பாடு வேண்டும். தொலைக்காட்சியை வலையமைப்பு வழியாக ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோகலாம் என்று 1996-இல் தொடங்கினார்கள். அனுப்பும் பக்கத்துக்கு ஒரு நிரல், வாங்கிக் காட்டும் பக்கத்துக்கு வீடியோலேன் கிளையன்ட் என்று இன்னொன்று. 1998-இல் அனைத்தையும் புதிதாக எழுதினார்கள். 2001 பிப்ரவரி 1 அன்று கல்லூரி நிர்வாகம் அதை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட ஒப்புக்கொண்டது. மாணவர் சங்கம் சேர்த்து வைத்திருந்த சாலைத் தடுப்புக் கூம்புகளே அதன் ஆரஞ்சு நிறச் சின்னமாயின. கோடெக் தனியாக நிறுவாமல் எந்தக் கோப்பையும் ஓட்டுவதால் பெயர்பெற்ற விஎல்சி, வடிவம் மாற்றும் வேலையையும் செய்யும். அந்த வசதி மெனுவுக்குள் ஒளிந்திருப்பதால் பலர் கண்டதில்லை. ஹங்கேரியில் 2000-இல் தொடங்கிய எம்பிளேயரும் அதன் துணைக்கருவி மென்கோடரும் லினக்ஸ் உலகில் அதே இடத்தை வகித்தன.

டிவிடிகளுக்கு ஒரு பூட்டு உண்டு. சிஎஸ்எஸ் எனப்படும் அந்தப் பூட்டைத் திறக்க உரிமம் பெற்ற கருவிகளால் மட்டுமே முடியும் என்பதால், லினக்ஸ் பயனர் காசு கொடுத்து வாங்கிய வட்டையும் பார்க்க முடியாத நிலை. 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறிய நிரல் வெளியாகி அதை உடைத்தது. அதில் பங்குகொண்ட நார்வேயின் யோன் லெக் யோஹன்சனுக்கு அப்போது 15 வயது. அவர்மீது வழக்கு தொடுக்கப்பட்டது. 2003 ஜனவரியில் விடுதலை, மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை. சொந்தமாக வாங்கிய வட்டைப் பார்ப்பது குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம். டிவிடியை ஒரே கோப்பாக மாற்றும் ஹேண்ட்பிரேக்கை 2003-இல் எரிக் பெத்தி முதலில் பிஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதினார். 2006-இல் அவர் வேலை நின்றபோது, இருவர் மூலநிரலை எடுத்து மீடியாஃபோர்க் என்ற பெயரில் தொடர்ந்தனர். பிறகு பெத்தியின் சம்மதத்துடன் பழைய பெயரே திரும்பியது. 1.0 என்ற எண்ணை அது தொட்டது 2016 டிசம்பரில். பதின்மூன்று ஆண்டுகள் பயன்பட்ட பிறகே முதல் முழுமைப் பதிப்பு என்று அறிவித்த பொறுமை குறிப்பிடத்தக்கது.

2003 மே மாதம் எச்.264 தரநிலை வந்தது. அதற்கான கட்டற்ற சுருக்கி எக்ஸ்264. பிரான்சின் லோரான் எமார் தொடங்கி, லோரன் மெரிட், ஜேசன் கேரட்-கிளேசர் ஆகியோர் வளர்த்தெடுத்தது. எண்ணளவில் அசல் படத்துக்கு மிக அருகில் இருப்பதே நல்ல சுருக்கம் என்று அதுவரை கருதினார்கள். எக்ஸ்264 குழு கண் என்ன பார்க்கிறது என்பதை அளவுகோலாக்கியது. புல்வெளி, மணல், ஃபிலிம் துகள் போன்ற நுண்ணிய பரப்புகளை வழவழவென்று ஆக்கிவிடாமல் காப்பதற்கு எண்ணளவுப் பிழை கூடினாலும் சரி என்று துணிந்தார்கள். பார்வையாளருக்கு அதுவே தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த தலைமுறையான எச்.265-இன் சுருக்கி எக்ஸ்265-க்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. 2013-இல் அதைத் தொடங்கிய மல்டிகோர்வேர் நிறுவனத்துக்குச் சென்னையில் பணிமனை இருக்கிறது. அந்த நிரலில் கணிசமான பங்கு சென்னைப் பொறியாளர்கள் எழுதியது. எக்ஸ்264-ஐப் போலவே அதுவும் ஜிபிஎல், வணிக உரிமம் என்று இரட்டை வழியில் கிடைக்கிறது. மூலத்தை வெளியிட விரும்பாத நிறுவனம் பணம் கட்டலாம். மற்றவர்களுக்கு அது கட்டற்றதே.

காப்புரிமைச் சுமையே இல்லாத கோடெக் என்ற கனவும் இணையாக நடந்தது. ஆன்2 நிறுவனம் 2001-இல் திறந்துவிட்ட விபி3-இலிருந்து சிஃப் அமைப்பு தியோராவை உருவாக்கியது, அதன் 1.0 பதிப்பு 2008 நவம்பரில்தான் வந்தது, அதற்குள் எச்.264 வெகுதூரம் போய்விட்டது. 2010-இல் ஆன்2-ஐ வாங்கிய கூகுள், விபி8-ஐயும் வெப்எம் பெட்டியையும் வெளியிட்டது. 2015-இல் பல நிறுவனங்கள் கூடிய கூட்டணி 2018-இல் ஏவி1-ஐ அறிவித்தது. அதை வேகமாக விரிக்கும் டேவிட் என்ற நிரலை எழுதியவர்கள் விஎல்சியின் வீடியோலேன் குழுவினர்.

தொகுப்பு மென்பொருளின் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. மாற்றும் கருவிக்கு உள்ளீடும் வெளியீடும் போதும். தொகுப்பவருக்கோ காலக்கோடு, முன்னோட்டம், பல அடுக்கு, ஒலிக்கலவை, பின்வாங்கும் வசதி எல்லாம் கைக்கு இலகுவாக இருந்தாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடிக்கும் வேலை அல்ல. லினக்ஸில் முதலில் பெயர்பெற்ற பிராட்காஸ்ட் 2000-ஐ எழுதிய ஆடம் வில்லியம்ஸ், 2001 செப்டம்பரில் சட்டப் பொறுப்புக்கு அஞ்சி அதைத் திரும்பப் பெற்றார். 2002-இல் சினலெரா என்ற பெயரில் மீண்டும் வந்தார். சினலெரா ஆற்றல் மிக்கது, ஆனால் பழகுவதற்குக் கடினமானது. எளிமையான கினோ, கேம்கார்டரின் டிவி (டிஜிட்டல் வீடியோ) டேப்பிலிருந்து படத்தை இறக்கி வெட்டுவதோடு நின்றது. டிவி வடிவில் ஒவ்வொரு ஃபிரேமும் முழு ஃபிரேம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். முன்னர் சொன்ன எம்பெக் தொல்லை அதில் இல்லை.

திருப்பம் நேர்ந்தது இந்தியாவில். ஈநாடு நாளிதழையும் ஈடிவி சேனல்களையும் நடத்திய ஐதராபாத்தின் உஷோதயா நிறுவனத்துக்கு, பல மொழிகளில் நாள் முழுதும் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி ஒளிபரப்பும் மென்பொருள் தேவைப்பட்டது. கினோவில் உழைத்த டான் டென்னடியும் சார்லஸ் யேட்ஸும் 2003, 2004 ஆண்டுகளில் அதற்காக எழுதியதே எம்எல்டி. பழைய மூலக்கோப்புகளின் தலைப்பில் உஷோதயாவின் பெயரில் பதிப்புரிமை வரி இருக்கிறது. ஓர் இந்தியத் தொலைக்காட்சியின் அன்றாடத் தேவைக்காகப் பிறந்த அந்த அடித்தளம் கட்டற்ற உரிமத்தில் வெளியானதால், உலகெங்கும் வீட்டுக் கணினிகளில் படம் தொகுக்கும் இயந்திரமாயிற்று. இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் இது அதிகம் பேசப்படாத ஒரு நற்செயல்.

ஜேசன் வுட் 2002-இல் தொடங்கிய கேடென்லைவ், பின்னர் ஜான்-பத்தீஸ்த் மார்தெல் கையில் எம்எல்டியின் மேல் மறுபடி கட்டப்பட்டது. டென்னடியே பின்னாளில் புதிதாக எழுதிய ஷாட்கட்டும் அதன் மேல்தான் நிற்கிறது. டெக்சாஸின் ஜொனாதன் தாமஸ் 2008-இல் தொடங்கிய ஓப்பன்ஷாட்டும் எம்எல்டியில் ஆரம்பித்துப் பிறகு சொந்த நூலகத்துக்கு மாறியது. இவற்றில் சேமிக்கும் திட்டக்கோப்பில் படம் இருக்காது; எந்தக் கோப்பின் எத்தனையாவது ஃபிரேமிலிருந்து எதுவரை, எதற்குப் பின் எது, என்ன விளைவு என்ற குறிப்புகள் மட்டும் எழுத்து வடிவில் இருக்கும். மூலக்கோப்பு தொடப்படுவதே இல்லை. திட்டக்கோப்பை மட்டும் நண்பருக்கு அனுப்பிவிட்டுப் படம் வரவில்லை என்று திகைப்பது புதியவர்களின் வழக்கமான அனுபவம்.

முப்பரிமாணக் கருவியாக அறியப்பட்ட பிளெண்டரிலும் ஒரு காணொளித் தொகுப்பான் உண்டு. அதை வைத்திருந்த நிறுவனம் நொடித்தபோது, மூலநிரலை விடுவிக்க ஒரு லட்சம் யூரோ கேட்கப்பட்டது. பிளெண்டரை உருவாக்கிய டோன் ரோசன்டால் விடுத்த அழைப்புக்கு ஏழு வாரங்களில் அந்தத் தொகை சேர்ந்தது; 2002 அக்டோபர் 13 அன்று பிளெண்டர் ஜிபிஎல்லுக்கு வந்தது.

சப்டைட்டில் கருவிகளின் தொடக்கம் ஜப்பானிய அனிமேஷன் ரசிகர்களிடம். 1980-களின் இறுதியில் அமெரிக்க ரசிகர் குழுக்கள் அமிகா கணினியையும் ஜென்லாக் கருவியையும் வைத்து, ஓடும் படத்தின் மேல் எழுத்தைக் கலந்து விஎச்எஸ் டேப்பில் பதிந்தார்கள். 1996-இல் வந்த சப்ஸ்டேஷன் ஆல்ஃபா, எழுத்துரு, நிறம், திரையில் இடம், பாட்டோடு சேர்ந்து ஓடும் கரோக்கி நேரக் குறிப்பு என எல்லாவற்றையும் ஒரு எழுத்துக்கோப்பில் வைத்தது. அதன் வளர்ந்த வடிவான ஏஎஸ்எஸ் இன்றும் வழக்கில் உள்ளது. 2005-இல் ரோட்ரிகோ பிராஸ் மொன்தெய்ரோவும் நீல்ஸ் மார்ட்டின் ஹான்சனும் தொடங்கிய எய்ஜிசப், ஒலி அலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வசனத்தின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

டிவிடியின் சப்டைட்டில் எழுத்தே அல்ல, படம். நான்கு நிறங்களுக்குள் வரைந்த சிறு சித்திரங்கள் உரிய நேரத்தில் மேலே படியும். அவற்றை எழுத்தாக்க வந்த சப்ரிப், சித்திரத்தை எழுத்தெழுத்தாகப் பிரித்து, அடையாளம் தெரியாததை ஒருமுறை பயனரிடம் கேட்டு, மறுமுறை தானே கண்டுகொள்ளும். அது எழுதித் தந்த எஸ்ஆர்டி கோப்பைவிட எளிய வடிவம் இருக்க முடியாது: ஒரு வரிசை எண், 00:01:12,500 --> 00:01:15,000 என்பதுபோல் நேரம், வசனம், ஒரு வெற்று வரி. மில்லிநொடிக்கு முன் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருப்பது பிரெஞ்சு வழக்கம். உலகம் முழுதும் அது அப்படியே நிலைத்துவிட்டது. இணையப் பக்கங்களுக்கான வெப்விடிடி வடிவம் எஸ்ஆர்டியிலிருந்து கிளைத்தது, அதில் மட்டும் புள்ளி.

அதற்கு முன் புழங்கிய மைக்ரோடிவிடி வடிவம் நேரத்துக்குப் பதில் ஃபிரேம் எண்ணைக் குறித்தது. இதில் ஒரு பொறி இருந்தது. நொடிக்கு 24 ஃபிரேம் உள்ள சினிமாவைப் பால் எனப்படும் தொலைக்காட்சி முறைக்கு ஏற்ப 25 ஃபிரேமாக ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஃபிரேம் எண் தப்பிக்கும். நேரம் குறித்த கோப்போ கடைசிக் காட்சிக்குள் ஆறு நிமிடம் பின்தங்கியிருக்கும். மாறாக, 24 ஃபிரேம் படத்துக்கான எண்களை 25 ஃபிரேம் என்று எண்ணிக் காட்டும் நிரலில் தவறு வேறு திசையில் வரும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் பொருத்தி இடையிலுள்ளவற்றை விகிதப்படி நகர்த்தும் வசதி, டென்மார்க்கின் நிக்கோலாய் ஓல்சன் எழுதிய சப்டைட்டில் எடிட் போன்ற கருவிகளில் இருப்பது இதற்காகத்தான்.

தமிழில் சப்டைட்டில் எழுத இத்தனையும் போதவில்லை. ஆங்கிலத்துக்கு ஒரு குறிக்கு ஒரு உருவம் வரைந்தால் முடிந்தது. தமிழில் 'கொ' என்பது யூனிகோடில் ககரமும் ஒரு உயிர்க்குறியும். வரையும்போது அந்த ஒரு குறி இரண்டாகப் பிரிந்து ககரத்துக்கு முன்னும் பின்னும் நிற்க வேண்டும். குறிகளை வந்த வரிசையில் வரையும் நிரலில் கொம்பு இடம் மாறி, புள்ளி விலகி, வாசிக்க முடியாத குவியல்தான் வரும். விஎல்சி, எம்பிளேயர், எஃப்எஃப்எம்பெக் ஆகியவை சப்டைட்டிலை வரைய லிப்ஆஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. 2010-களின் தொடக்கத்தில் அந்நூலகம் ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்துருக்களை உரிய வடிவில் அடுக்கும் நிரலைச் சேர்த்துக்கொண்ட பிறகே தமிழும் மற்ற இந்திய எழுத்துகளும் திரையில் ஒழுங்காக நின்றன. ஹார்ஃப்பஸ் காணொளிக்காக எழுதப்பட்டதல்ல. மேசைக்கணினியின் சாளரங்களுக்கும் உலாவிகளுக்கும் என்று வளர்ந்த அது, உரிமம் திறந்திருந்ததால் இங்கும் வந்து உதவியது. தமிழ் வசனம் எழுதுவோர் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர் அது.

வாசிப்பு வேகத்தை அளப்பதிலும் சிக்கல் உண்டு. 'நிறுத்து' என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது நான்கு எழுத்து. யூனிகோடு குறிகளோ எட்டு. நொடிக்கு இத்தனை எழுத்து என்று ஆங்கிலத்துக்கு வகுத்த எல்லையைக் குறிகளை எண்ணித் தமிழுக்குப் பொருத்தினால் தேவையின்றி வசனத்தைக் குறுக்க நேரும். கருவி காட்டும் சிவப்பு எச்சரிக்கையைவிட, உரக்கப் படித்துப் பார்ப்பதே இங்கே நம்பத்தக்க அளவுகோல்.

2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் விஸ்பர் என்ற பேச்சறி மாதிரியைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. சப்டைட்டில் எடிட் அதை இணைத்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில் வந்த எஃப்எஃப்எம்பெக் 8.0-இல் அது ஒரு வடிகட்டியாகவே சேர்ந்துவிட்டதால், ஒரே கட்டளையில் ஒலியிலிருந்து எஸ்ஆர்டி கோப்பை எழுதவைக்கலாம். நேரக் குறிப்பைக் கையால் இடும் வேலையில் பெரும்பகுதி இதனால் குறைந்தது. தமிழைப் பொறுத்தவரை பேச்சு வழக்கை எப்படி எழுதுவது, வட்டார உச்சரிப்பை வைப்பதா எழுத்து வழக்குக்கு மாற்றுவதா, ஆங்கிலச் சொற்களை எந்த எழுத்துக்கூட்டலில் போடுவது என்பவற்றை இன்றும் சப்டைட்டில் எழுதுபவரே முடிவுசெய்து, வரி வரியாகத் திருத்தி, படத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்.